ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பலாமா?

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்த யாருக்கும் இந்த வாக்கியம் தெரியும். வந்தவர்கள் காபி குடித்தாயிற்று, பேச்சும் ஓய்ந்தாயிற்று, யாரோ ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், அப்புறம் "சரி, ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பலாமா?" உடனே பெண்கள் முக்காடு போடுவார்கள், டிவி வாயை மூடும், தெருவில் விளையாடுகிற பிள்ளைகளைக் கூப்பிட ஓர் ஆள் ஓடும். ஆமென் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டுவிடும். சின்ன வயதில் எனக்கும் அக்காவுக்கும் ஜெபம் என்றால் விருந்தாளி போகப்போகிறார், தட்டில் மிச்சமிருக்கிற முறுக்கு நமக்கு என்று அர்த்தம். பஸ் எடுப்பதற்கு முன்னால் கண்டக்டர் விசில் ஊதுகிற மாதிரி.

அதில் தப்பு ஒன்றும் இருப்பதாக எனக்கு நாற்பது வயது வரைக்கும் தோன்றவில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான் தோன்றியது.

2019 ஜனவரி. ஊரிலிருந்து திருநெல்வேலிக்குக் கொண்டுவந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஐசியூவுக்கு வெளியே ஒரு நடை, அதில் ஒன்றோடொன்று இணைத்த இரும்பு நாற்காலிகள். நடுநடுவே கைப்பிடி இருப்பதால் படுக்கவும் முடியாது. அங்கே பதினோரு நாள் இருந்தேன். ஐசியூ வாசலில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே நம்முடைய வேலை ஒன்றே ஒன்றுதான்: இருப்பது. கதவு திறந்து நர்ஸ் தலையை நீட்டி நோயாளி பேரைச் சொல்லிக் கூப்பிடும்போது எழுந்து ஓட வேண்டும். மருந்துச் சீட்டைக் கையில் கொடுப்பார்கள், கீழே பார்மசியில் வாங்கி வர வேண்டும், இல்லையென்றால் ஸ்கேனுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கும் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் அடுத்த தடவை அந்த நர்ஸ் பார்க்கிற பார்வையே வேறு. அக்கா மஸ்கட்டில், லீவு கிடைக்கவில்லை. மனைவி சென்னையில் பிள்ளையின் பரீட்சையோடு. அம்மாவுக்கு முட்டுவலி, படி ஏற முடியாது. ஆக, நான்.

சபை ஆட்கள் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நிறையப் பேர் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். சாத்துக்குடி, ஹார்லிக்ஸ், ஆப்பிள் எல்லாம் வந்தது, மூக்கில் குழாய் போட்டிருக்கிற மனிதருக்கு. எல்லாரும் நின்றுகொண்டே பேசினார்கள். "கர்த்தர் கைவிட மாட்டார் தம்பி." "விசுவாசத்தோட இருங்க." ஒருவர் தன் சித்தப்பாவுக்கு இதே மாதிரி வந்து அவர் எப்படிச் செத்துப்போனார் என்பதை விவரமாகச் சொல்லிவிட்டு, ஆனால் உங்க அப்பாவுக்கு அப்படி ஆகாது என்றார். இன்னொருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குடும்பத்தில் அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கிறதா, யோசித்துப் பார் என்றார். நான் யோசித்துப் பார்த்தேன் என்பதுதான் கேவலம். மூன்று நாள் தூங்காதவன் எதை வேண்டுமானாலும் யோசிப்பான். அப்புறம் ஜெபம், ஆமென், லிப்ட். எல்லாரும் போன பிறகு அந்த நடை முன்பைவிட நீளமாக இருந்தது.

ஐந்தாவது நாள் மத்தியானம் உபதேசியார் சித்தி வந்தார்கள்.

சொந்தச் சித்தி இல்லை. எங்கள் ஊரில் பழைய உபதேசியாரின் மனைவி, அவர் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. எங்கள் பக்கம் ஐயர், அதாவது குருவானவர், நாலைந்து சபைகளைப் பார்த்துக்கொள்வார், ஆனால் ஊரோடு கிடப்பவர் உபதேசியார்தான், அதனால் அவர் மனைவி ஊருக்கே சித்தி. நாசரேத் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, கையில் தூக்குச்சட்டியும் ஒரு மஞ்சப்பையுமாக வந்து நின்றார்கள். வந்ததும் ஜெபம் பண்ணினார்கள். வந்ததும்! கண்ணை மூடி, "ஆண்டவரே, பெரியவரப் பாத்துக்கோங்க, இந்தப் பயலயும் பாத்துக்கோங்க, ஆமென்." அவ்வளவுதான். அப்புறம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தூக்குச்சட்டி மூடியைத் திறந்து கஞ்சியை ஊற்றி, துவையலை மூடியிலேயே வைத்துக் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

குடித்து முடித்ததும், "ஏல, எத்தன நாளாச்சு குளிச்சு?"

நான் கணக்குப் போட்டேன்.

"நாறுது. போயி குளிச்சிட்டு, எங்கனயாவது படுத்துத் தூங்கிட்டு வா. நான் இங்கன இருக்கேன். அந்தப் பிள்ள கூப்பிட்டா நான் போயி வாங்குதேன், எனக்கும் சீட்டு வாசிக்கத் தெரியும்."

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தங்குகிறவர்களுக்கென்று ஒரு குளியலறை உண்டு, இருபது ரூபாய். உள்ளே சோப்பு டப்பா வைக்க இடம் கிடையாது, கதவுக்கு மேலே சட்டையை மாட்டினால் வெளியே இருப்பவன் எடுத்துக்கொண்டு போய்விடுவானோ என்று பயமாக இருக்கும், பச்சை வாளியின் கைப்பிடி அறுந்து சணல் கயிற்றால் கட்டியிருந்தது. நான் அங்கே நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். வெளியே கதவைத் தட்டுகிறார்கள். அப்போதுதான் முதல் தடவையாக அழுதேன். கஷ்டத்தில் வந்த அழுகை இல்லை அது. மேலே அந்த நாற்காலியில் ஓர் ஆள் இருக்கிறது, நான் ஓடத் தேவையில்லை, அந்த நிம்மதியில் வந்தது. திரும்பிப் போனபோது ராத்திரி எட்டு மணி. சித்தி தலையைச் சுவரில் சாய்த்து வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள், மடியில் மருந்துச் சீட்டும் பில்லும் சில்லறையும் முந்தானையில் முடிந்து பத்திரமாக இருந்தன. இரண்டு நாள் தங்கிவிட்டுத்தான் போனார்கள். அந்த இரண்டு நாளில் வேதவசனம் ஒன்றுகூடச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

இதற்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது. துணைக்கு இருப்பது. ஆஸ்பத்திரியில் துணைக்கு யார் இருக்கா என்று கேட்போம், பிரசவத்துக்குப் போனால் துணைக்கு அம்மா இருப்பார்கள், ராத்திரி கொல்லைப்புறம் போகப் பயப்படுகிற பிள்ளை துணைக்கு வா என்று கூப்பிடும். கூட வருகிறவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். என் விசுவாசம் முழுவதையும் சுருக்கிச் சொல் என்றால் இப்போது நான் அந்தச் சொல்லைத்தான் சொல்வேன். இம்மானுவேல் என்பதற்கு "தேவன் நம்மோடிருக்கிறார்" என்று ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அட்டையில் அச்சடித்து, நட்சத்திரத்தில் எழுதித் தொங்கவிடுகிறோம். நம்மோடு இருக்கிறார். அவ்வளவுதான் அந்தப் பேர்.

இயேசு பிடிபடுவதற்கு முன்னால் ஜெபித்த கெத்செமனே தோட்டத்துக் கதையை இதோடு சேர்த்துப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. சீஷர்களில் பேதுருவையும் யாக்கோபையும் யோவானையும் கூட்டிக்கொண்டு போய் இயேசு கேட்டது என்ன? "நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்." துணைக்கு இருக்கச் சொல்கிறார். பிரசங்கம் கேட்கவில்லை, ஆறுதல் வார்த்தை கேட்கவில்லை, வாளை எடுக்கச் சொல்லவில்லை. தேவகுமாரனுக்கே அந்த ராத்திரி ஒரு துணை ஆள் தேவைப்பட்டிருக்கிறது. அவர்களோ தூங்கிவிட்டார்கள். மத்தேயுவில் அவர்கள் கண்கள் மிகுந்த நித்திரை மயக்கம் அடைந்திருந்தன என்று இருக்கும், ஆனால் லூக்கா மட்டும் துக்கத்தினாலே தூங்கினார்கள் என்று எழுதுகிறார். லூக்காவை வைத்தியர் என்பார்கள். ஐசியூ வாசலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது வைத்தியர் எழுதிய வரிதான். துக்கம் ஆளை அடித்துப்போடும்.

இங்கிலாந்தில் சிசிலி சாண்டர்ஸ் என்றொரு பெண் அந்த விழித்திருத்தலைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு வைத்தியமுறையையே உண்டாக்கினார். முதலில் நர்ஸ், முதுகுவலியால் அது முடியாமல் ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர், அப்புறம் இதற்கென்றே டாக்டருக்குப் படித்தவர். நல்ல பக்தியுள்ள கிறிஸ்தவர். 1948ல் லண்டனில் புற்றுநோயில் செத்துக்கொண்டிருந்த, போலந்திலிருந்து வந்த ஒரு யூதரோடு வாரக்கணக்கில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். நாட்டை விட்டு வந்தவர், சொந்தம் என்று பக்கத்தில் யாரும் இல்லை. அவர் சாகும்போது ஐந்நூறு பவுண்டு எழுதிவைத்தார், நீ கட்டப்போகிற வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருக்கிறேன் என்று. அந்த ஜன்னலைச் சுற்றி வீடு கட்டி முடிக்கப் பத்தொன்பது வருஷம் ஆயிற்று என்று சாண்டர்ஸ் சொல்வார். 1967ல் திறந்த செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் அதுதான். குணமாக்க முடியாதவர்களுக்கு வலியைக் குறைத்துக் கடைசிவரை கூட இருக்கிற இன்றைய மருத்துவமனைகள் பலவற்றுக்கும் வழிகாட்டி. அங்கே கூட இருப்பது என்றால் ஜெபமும் கையைப் பிடிப்பதும் மட்டும் இல்லை. வலி வந்த பிறகு மருந்து கேட்டுக் கெஞ்ச வேண்டாம், வலி வருவதற்கு முன்னால் நேரம் வைத்து மார்ஃபின் என்ற வலி மருந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்றார். கூடவே உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் அது தெரியும். ரவுண்ட்ஸ் வந்து இரண்டு நிமிஷத்தில் போகிறவருக்கு வலி மணிக்கணக்கில் எப்படி ஏறுகிறது என்று எப்படித் தெரியும்?

பைபிளில் எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் சிநேகிதர்களைப் பற்றிப் பிரசங்கத்தில் திட்டாத ஐயரே கிடையாது. நான் கொஞ்சம் அவர்கள் பக்கம் பேசுவேன். வந்தார்கள், தூரத்திலேயே பார்த்து அழுதார்கள், "ஒருவரும் அவனோடு ஒரு வார்த்தையையும் பேசாமல், இரவுபகல் ஏழுநாள், அவனோடுகூடத் தரையிலே உட்கார்ந்திருந்தார்கள்." ஏழு நாள்! நம்மில் யார் ஏழு நாள் உட்காருவோம்? அதுவரைக்கும் அவர்கள் செய்தது எல்லாம் சரி. அப்புறம் வாயைத் திறந்தார்கள். திறந்து, நீ ஏதாவது பாவம் பண்ணியிருப்பாய் என்று ஆரம்பித்து இருபது அதிகாரத்துக்குமேல் இழுத்து, கடைசியில் கர்த்தருக்கே கோபம் வந்துவிட்டது. நடுவில் யோபு அவர்களுக்கு ஒரு பட்டம் கொடுக்கிறார்: "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்." ஆறுதல் சொல்ல வந்து அலுக்க வைக்கிறவர்கள். பைபிளின் அந்தப் பழைய மொழிபெயர்ப்பில் எனக்குப் பிடித்த சொற்றொடர்களில் அது ஒன்று. சாத்துக்குடிப் பையோடு லிப்டில் ஏறி வருகிற அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்.

இது நம் ஆட்களுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. துஷ்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, போகிற முறையைப் பாருங்கள். யாரும் வாங்க என்று கூப்பிட மாட்டார்கள், நாமாகப் போய் உட்கார வேண்டியதுதான். ஆண்கள் வெளியே பெஞ்சில், பெண்கள் உள்ளே. எழுந்து வரும்போது போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது. பேச்சே தேவையில்லாத ஏற்பாடு அது, எங்கள் ஆச்சிகள் காலத்துக்கும் முந்தியது. பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுவார்கள், ஒப்பாரி வைப்பார்கள். நாம் கிறிஸ்தவர்கள், நமக்கு உயிர்த்தெழுதலின் நம்பிக்கை இருக்கிறது, ஒப்பாரி கூடாது என்று எங்கள் ஊர்க் கோயிலில் சொல்லிச் சொல்லி அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது மைக் செட், பாட்டுக் குழு, இருபது நிமிஷம் தேவசெய்தி. நம்பிக்கை இருக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்று பவுல் எழுதியிருக்கிறார், அழுகிறவர்களுக்கு மைக்கில் பேசுங்கள் என்று எழுதவில்லை.

இயேசுவைப் பற்றிச் சுவிசேஷங்களில் திரும்பத் திரும்ப வருகிற சொல் "மனதுருகி". கூட்டத்தைக் கண்டு மனதுருகி, குஷ்டரோகியைக் கண்டு மனதுருகி. வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையிலும் அதே சொல். மூலமான கிரேக்கத்தில் அந்தச் சொல் குடலிலிருந்து வருகிறதாம். மனசு இல்லை, வயிறு. தமிழில் நாமும் மூளையால் இரங்குகிறவர்கள் இல்லையே. பெத்த வயிறு பதறுது, வயிற்றைப் பிசையுது, அடிவயிறு கலங்குது என்றுதான் சொல்கிறோம். மாற்கு முதல் அதிகாரத்தில் அந்தக் குஷ்டரோகியை அவர் கையை நீட்டித் தொடுகிறார். தொடத் தேவையே இல்லை. நூற்றுக்கு அதிபதி என்கிற ரோமப் படைத்தலைவனின் வேலைக்காரனை ஆளைப் பார்க்காமலேயே ஒரு வார்த்தையில் குணமாக்கியவர்தானே? இந்த மனிதனைத் தொட்டுவிட்டுத்தான் குணமாக்குகிறார். குணமான பிறகு யார் வேண்டுமானாலும் தொடுவார்கள். அதற்கு முன்னால் தொட்டவர் அவர் ஒருவர்தான்.

இப்படியெல்லாம் எழுதுகிறேனே தவிர, நான் செய்த கூத்தையும் சொல்ல வேண்டும். அப்பா பேச்சு குழறினாலும் உயிரோடு வீட்டுக்கு வந்துவிட்டார் (மூன்று வருஷம் இருந்தார், பேரனுக்கு இடது கையால் செஸ் கற்றுக்கொடுத்தார்). நானும் பாளையங்கோட்டைக்கே மாற்றல் வாங்கி வந்தேன். சித்தி மாதிரி இருக்க வேண்டும் என்று ஒரு வேகம். அந்த வேகத்தில் முதல் பரீட்சையிலேயே கோட்டை விட்டேன். கூட வேலை பார்க்கிறவருக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறந்து தங்கவில்லை. போனேன். அந்தத் தாய் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அறையில் அந்த அமைதியை என்னால் இரண்டு நிமிஷம் தாங்க முடியவில்லை. வாய் தானாகத் திறந்தது: "தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்கு சகலமும் நன்மைக்கு ஏதுவா நடக்கும்மா." அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துவிட்டு மறுபடி சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பார்வையை நான் இப்போதும் சில ராத்திரி பார்க்கிறேன். ரோமர் எட்டு இருபத்தெட்டு உண்மைதான். ஆனால் அதை அவள் சொல்லலாம், பத்து வருஷம் கழித்து, அவளுக்குத் தோன்றினால். நான் சொல்லக் கூடாது. அதுவும் கையில் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டு.

டோனாவூருக்கு எங்கள் ஞாயிறு பள்ளியிலிருந்து சுற்றுலா கூட்டிப் போவார்கள், மலையடிவாரம், களக்காட்டுக்குப் பக்கம். அங்கே இருந்த அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் என்றதும், கோயிலுக்கு விடப்பட்ட பிள்ளைகளை மீட்ட கதையைத்தான் சொல்வார்கள், 1901ல் அங்கே வந்தது, ராத்திரியோடு ராத்திரியாக மாட்டு வண்டியில் போனது எல்லாம். சின்னப் பிள்ளைகளுக்கு மாட்டு வண்டிதான் பிடிக்கும். 1931ல் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்ட பிறகு சாகும்வரை, 1951 வரை, பெரும்பாலும் ஓர் அறையிலேயே கிடந்தார் என்பதைப் பெரியவனான பிறகுதான் கவனித்தேன். ஓடி ஓடி ஊழியம் செய்தவருக்கு ஏறக்குறைய இருபது வருஷம் படுக்கை. அந்தப் படுக்கையில் கிடந்தபோது, நோயாளிகளுக்கென்று ஆறுதலாக எழுதியனுப்புகிற பிரசுரங்கள் அவருக்கு ஒட்டவே இல்லை, எல்லாம் நல்ல சுகத்தோடு இருக்கிறவர்கள் எழுதியது என்று கண்டுபிடித்தார். பிறகு அவரே எழுதினார், நோயாளி நோயாளிக்கு எழுதுகிற மாதிரி. நின்றுகொண்டு பேசுகிறவர் குரலுக்கும் படுத்துக்கொண்டு பேசுகிறவர் குரலுக்கும் அவ்வளவு வித்தியாசம். கல்லறையில் பேர் பொறித்த கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார், பறவைகள் தண்ணீர் குடிக்கப் பிள்ளைகள் ஒரு கல்தொட்டியை வைத்தார்கள். போனால் பாருங்கள், நான் போனபோது ஒரு மைனா குளித்துக்கொண்டிருந்தது.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான்கு வருஷமாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் சாயங்காலம் எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர் வீட்டுக்குப் போகிறேன். மனைவி இல்லை, மகன் அமெரிக்காவில், சாப்பாடு மெஸ்ஸிலிருந்து வரும். கண் மங்கிவிட்டது. நான் அவருக்குத் தினத்தந்தி வாசிப்பேன், ராசிபலன் உட்பட, அவருக்குக் கும்ப ராசி. சாமி கும்பிடுகிறவர், வீட்டு முன்னறையில் சுடலைமாடன் படம் மாட்டியிருக்கும். ஒவ்வொரு வாரமும் அம்பாசமுத்திரம் ரூட்டில் ஒரு ராத்திரி பஸ்ஸிலேயே பிரசவம் ஆன கதையைச் சொல்வார். ஏறத்தாழ இருநூறு தடவை கேட்டிருப்பேன். பிள்ளை சில வாரம் ஆண், சில வாரம் பெண். உண்மையைச் சொன்னால் பல வியாழக்கிழமை எனக்குக் கொட்டாவியாக வரும். கூட இருப்பது என்பது இப்படித்தான் இருக்கிறது. ஒளிவட்டம் எதுவும் தெரியவில்லை, மின்விசிறி கிறீச் கிறீச் என்கிறது, கொசு கடிக்கிறது, போனை எடுத்துப் பார்க்கக் கை பரபரக்கிறது. முதல் ஆறு மாதம் போனைப் பையில் வைத்திருந்தேன், இப்போது வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். கையில் இருந்தால் நான் அங்கே இல்லை.

சபையில் ஓர் அண்ணன் கேட்டார், "இத்தன வருசமா போறீங்களே, அவருக்கு சுவிசேஷம் சொன்னீங்களா?" கேட்கக் கூடாத கேள்வி இல்லை, அவர் நல்ல மனிதர், அவருக்கு அதில் உண்மையாகவே பாரம் உண்டு. கண்டக்டர் என்னைப் பற்றிக் கேட்டால் சொல்வேன், ஏன் கோயிலுக்குப் போகிறேன் என்று ஒரு தடவை கேட்டார், சொன்னேன், "ம்" என்றார், ராசிபலனுக்குத் திரும்பினோம். ஆனால் தூண்டிலில் புழுவைக் கோத்துக்கொண்டு போய் உட்காருவதற்குப் பேர் துணை இல்லை. அந்தச் சமாரியன் காயத்துக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், சுயவாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் ராத்திரி பராமரித்தான், மறுநாள் இரண்டு பணத்தை எடுத்துக் கொடுத்தான், அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். அடிபட்டவன் யூதர்களைப் போல எருசலேமில் தொழுகிறானா, தன்னைப் போலக் கெரிசீம் மலையில் தொழுகிறானா என்று விசாரித்ததாக எங்கேயும் இல்லை. இதை அந்த அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் நண்பர்களாகத்தான் இருக்கிறோம். போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது கண்டக்டருக்குத் தினத்தந்தி வாசிக்கப் போனவர் அவர்தான். ராசிபலனை மட்டும் விட்டுவிட்டாராம்.

வீட்டில் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் மனைவி இதைப் படித்துவிட்டுச் சிரிப்பாள். போன வருஷம் தபசு காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில், நான் ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ஆஸ்பத்திரியில் ராத்திரி தங்க ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வந்து காபி கேட்டேன். அவள் டம்ளரை டொக்கென்று வைத்தாள். "ஊருக்கெல்லாம் துணைக்கு இருங்க. இங்க ஒருத்தன் மூணு நாளா கணக்கு வரலன்னு உக்காந்து அழுதான், அவனுக்குத் துணைக்கு யாரு, பக்கத்து வீட்டு டியூஷன் அக்காவா?" பதில் பேச முடியவில்லை. கூட இருப்பதிலும் ஒரு பேராசை உண்டு, நல்லவன் என்று பேர் வாங்குகிற பேராசை, அது வெளியே போனால்தான் கிடைக்கும், வீட்டில் பின்னத்தைக் கூட்டிக் கழித்துச் சொல்லிக் கொடுத்தால் யார் பார்க்கிறார்கள்? இப்போது ராத்திரி தங்குவது மாதத்துக்கு ஒன்று, அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ராவும் எனக்குப் பாதி மறந்துவிட்டது, இரண்டு பேருமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தப்பாகப் போடுகிறோம்.

சித்தி இப்போது படுக்கையில் இருக்கிறார்கள். வயது எண்பத்தொன்று. இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். பெரிய மகள் வீட்டில், கிணற்றடியைப் பார்த்த ஓர் அறை. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை போனேன். கஞ்சி கொண்டுபோனேன், நான் வைத்தது, கொஞ்சம் அடிப்பிடித்த வாசம், துவையல் மட்டும் மனைவி அரைத்தது. மூன்று ஸ்பூன் குடித்தார்கள். உதடு ஓரத்தைத் துடைத்துவிட்டேன். பேச்சு அதிகம் இல்லை, கண்ணை மூடிக்கொள்வார்கள், திறப்பார்கள், ஜன்னல் வழியாகத் தென்னையைப் பார்ப்பார்கள். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கடைசி பஸ் ஞாபகம் எனக்கு வந்திருக்க வேண்டும், தெரியவில்லை, பழக்கத்தில் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து கண்ணை மூடி, "அன்புள்ள ஆண்டவரே" என்று ஆரம்பித்தேன்.

"ஏல," என்று சத்தம் வந்தது. கண்ணைத் திறந்தேன். சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கெளம்பிட்டியா?"

"இல்ல சித்தி," என்றேன். வெளியே போய் மகளிடம் ஒரு பாய் கேட்டேன்.